பெட்டி ராட்டையில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதே, என்ன செய்வது?

கேள்வி இது: பெட்டி ராட்டை ஒன்று கைக்கு வந்திருக்கிறது, கூடவே கொஞ்சம் பஞ்சுப் பட்டையும். காணொளி பார்த்து நூற்க உட்கார்ந்தால் ஒரு சாண் வருவதற்குள் நூல் அறுந்துவிடுகிறது. அறாமல் வரும் இடம் கயிறு போலத் தடித்திருக்கிறது. கை பழகவில்லையா, வேறு கோளாறா? எதிலிருந்து தொடங்குவது?

கை பழகாததும் ஒரு காரணம்தான். ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கதிரை, அதாவது சுழன்று நூலை முறுக்கும் கூர்முனைக் கம்பியைப் பார்க்க வேண்டும், அடுத்து பட்டையை, அதாவது நூற்பதற்காகச் சுருட்டிய பஞ்சை, அதற்குப் பிறகு கையை. புதிதாக நூற்க வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வளைந்த கதிரையும் நசுங்கிய பட்டையையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கையைக் குறை சொல்வார்கள். அந்த இரண்டையும் கொடுத்தால் முப்பது வருடம் நூற்றவருக்கும் நூல் அறும்.

நூல் எப்படி உருவாகிறது என்பது மனதில் தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். பருத்தி இழை ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். முறுக்கு ஏறாத பஞ்சைப் பிடித்து இழுத்தால் இழைகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். முறுக்கு முழுதாக ஏறிவிட்டால் இழைகள் இறுகிப்போய் எவ்வளவு இழுத்தாலும் நூல் நீளாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய நிலை உண்டு. பிரிந்துபோகாத அளவுக்கு முறுக்கு ஏறியிருக்கும், ஆனால் இன்னும் நீளக் கொடுக்கும். நூற்பவரின் கைகள் இரண்டும் சேர்ந்து, நீட்டி முடிக்கும்வரை நூலை அந்த நிலையில் வைத்திருக்கின்றன. இழுப்பு முந்தினால் அறும். முறுக்கு முந்தினால் தடிக்கும். உங்களுக்கு இரண்டும் மாறி மாறி நடக்கிறது.

இதில் இயற்கை ஒரு உதவியும் செய்கிறது. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்கே முதலில் ஓடும். அதனால் மெல்லிய இடம் இறுகி நின்றுவிடும். தடித்த இடத்தில் முறுக்கு குறைவாக இருப்பதால் அது மட்டும் இன்னும் நீளும். சரியான நேரத்தில் இழுத்தால் நூல் தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்ளும். விரலால் ஒவ்வொரு கட்டியாகத் தேய்த்துச் சரிசெய்யத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த காணொளிகளில் பல, காலால் மிதித்து ஓட்டும் ஐரோப்பிய வகை ராட்டையில் கம்பளி நூற்பவை. அந்த ராட்டையில் நூல் ஒரு துளை வழியே உள்ளே போய்த் தானாகவே சுற்றிக்கொள்ளும். எவ்வளவு வேகமாக உள்ளே இழுக்க வேண்டும் என்று கூட்டவும் குறைக்கவும் திருகு இருக்கும். நம் ராட்டையில் துளையும் இல்லை, திருகும் இல்லை. கதிரின் கூர்முனையிலேயே நூல் முறுக்கேறுகிறது, நாமே நிறுத்திச் சுற்ற வேண்டும். கம்பளி இழையும் பருத்தியைவிடப் பல மடங்கு நீளம், ஆகவே கை வைக்கும் இடம், இழுக்கும் விதம் எல்லாமே வேறு. அந்தப் பாடங்களைப் பருத்திக்குக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ராட்டையைச் சரிபார்ப்பது

பெட்டி ராட்டையில் இரண்டு சக்கரங்கள். கைப்பிடி உள்ள பெரிய சக்கரம் ஒரு கயிறு மூலம் சிறிய சக்கரத்தின் அச்சிலுள்ள உருளையை ஓட்டுகிறது. சிறிய சக்கரம் இன்னொரு கயிறு மூலம் கதிரை ஓட்டுகிறது. வேகம் இரண்டு முறை பெருகுவதால்தான் இத்தனை சிறிய பெட்டிக்குள் கதிர் அவ்வளவு வேகமாகச் சுழல்கிறது. அதற்கு முன்னிருந்த ராட்டைகளில் இந்த வேகத்துக்கு ஆள் உயரத்தில் பாதி வரும் சக்கரம் வேண்டியிருந்தது. காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தில் இந்த இரட்டைச் சக்கர வடிவம் செம்மைப்பட்டதால் எரவாடா சக்கரம் என்றும் இதற்குப் பெயர் உண்டு.

கதிரைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகை மேல் உருட்டுங்கள். நேரான கதிர் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தட்டித் தட்டி உருளும், கீழே வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். வளைவு எங்கே என்று குறித்துக்கொண்டு, மரக்கட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டி நிமிர்த்தலாம். இரும்புச் சுத்தி வேண்டாம், தழும்பு விழும். முனையில் சொரசொரப்பு இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். முனை ஊசி போலக் குத்தும் கூராக இருக்க வேண்டியதில்லை. வழவழப்பாக இருந்தால் போதும். கதிர் அரை மில்லிமீட்டர் ஆடினாலும், அந்த ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் நூலை வெட்டி இழுக்கும். நூற்கும்போது இடது கை விரல்களில் ஒரு அதிர்வு தெரிந்தால் அது இதனால்தான்.

அடுத்து கயிறுகள். கதிருக்குப் போகும் கயிறு மெல்லியதாக, முடிச்சு சிறியதாக இருக்க வேண்டும். பெரிய முடிச்சு கதிரின் உருளையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கதிர் துள்ளும். முறுக்கிய பருத்திக் கயிற்றின் இரு முனைகளையும் ஊசியால் ஒன்றுக்குள் ஒன்று செருகித் தைத்துவிடுவது முடிச்சைவிட நல்லது. கயிறு வழுக்கினால் தேன்மெழுகை அதன்மேல் நாலைந்து முறை தேய்த்தால் பிடிப்பு வந்துவிடும். வழுக்குகிறது என்று கயிற்றை வில் நாண் போல விறைப்பாகக் கட்டிவிடாதீர்கள். கைப்பிடி கனத்துப்போகும், அச்சும் தேயும். கதிர் தாங்கும் இடங்களிலும் சக்கர அச்சுகளிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இருக்கிறது. அது நாளடைவில் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசினாகிச் சுழற்சியைப் பிடித்துக்கொள்ளும்.

பரிசோதனை எளிது. பஞ்சு இல்லாமல் கைப்பிடியை ஒரே ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்ற வேண்டும், சத்தம் சீராக இருக்க வேண்டும். விரலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்சம் ஓடி நிற்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் ராட்டை மேல் பழி இல்லை.

பட்டை

பட்டை என்பது கொட்டை நீக்கி, அடித்து, மென்மையாக விரித்த பஞ்சை ஒரு வழவழப்பான குச்சியில் தளரச் சுருட்டி எடுத்தது. பென்சில் அல்லது அதைவிடக் கொஞ்சம் பருமன், ஒரு சாண் நீளம். நல்ல பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருண்ட திட்டுகள் தெரியாது. ஒரு முனையை மெதுவாக இழுத்தால் இழைகள் விசிறி போலச் சீராக விரிந்து வரும், கொத்துக் கொத்தாக வராது.

கையில் உள்ள பட்டை பையில் அழுந்திப் பல மாதம் கிடந்ததென்றால் அதுவே உங்கள் பிரச்சினையில் பாதியாக இருக்கலாம். அழுந்திய பஞ்சில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; இழுக்கும்போது ஒட்டிய இடம் கட்டியாக வரும், அதற்கு அடுத்த இடம் பஞ்சில்லாமல் மெலிந்து அறும். அத்தகைய பட்டையைப் பிரித்து, கம்பிப்பல் பலகைகள் இரண்டின் நடுவே வாரி, மறுபடி சுருட்டலாம். பல் பலகை இல்லையென்றால் இளவெயிலில் அரை மணி நேரம் வைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பயன்படுத்திப் பாருங்கள். ஓரளவு உயிர் வரும். சுருட்டும்போது இறுக்கிச் சுருட்டுவதுதான் வீட்டில் பட்டை போடுபவர்கள் செய்யும் முதல் தவறு. குச்சியை உருவி எடுத்தால் பட்டை தன் வடிவத்தில் நிற்க வேண்டும், அவ்வளவு இறுக்கம் போதும்.

நூற்பாலையிலிருந்து வரும் நீளமான பஞ்சுத் திரி கிடைத்தால் அதிலும் நூற்கலாம். ஆனால் அதில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் சீவப்பட்டிருப்பதால் வழுக்கல் அதிகம். பழகும் கைக்கு, இழைகள் கொஞ்சம் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும் கைப்பட்டையே ஒத்துழைக்கும்.

பஞ்சின் வகையும் முக்கியம். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் இழை குட்டையானது, கொஞ்சம் முரடு. அதில் தடித்த நூல் அருமையாக வரும், மெல்லிய நூலுக்கு இழுத்தால் கைவிட்டுவிடும். சுவின் போன்ற மிக நீண்ட இழைப் பருத்தியில் பட்டு மாதிரி மெல்லிய நூல் வரும். ஆனால் தொடக்கத்திலேயே அதை எடுத்தால், இழை வழுக்கிக்கொண்டே போகும் வேகத்துக்கு உங்கள் வலது கை ஈடுகொடுக்காது. நடுத்தர இழை நீளமுள்ள பஞ்சில் பழகுங்கள். 100 கிராம் வாங்கினால் போதும், தடித்த நூலாக நூற்றாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும்.

காற்றின் ஈரம் பற்றி யாரும் சொல்வதில்லை. அனல் காற்று வீசும் நண்பகலில் இழைகள் மின்னேற்றம் பெற்று விறைத்துக்கொண்டு நிற்கும், நூல் படபடவென அறும். மழை நாளில் பட்டை நமத்து ஒட்டும். காலை நேரம் நூற்பது பழைய வழக்கம் மட்டுமல்ல, காரணமும் இருக்கிறது. வறண்ட நாளில் பக்கத்தில் ஒரு ஈரத்துணியைத் தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும். விரல் வியர்த்தால் சுண்ணக்கட்டித் தூள் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம்.

கையைப் பழக்குவது

முதல் நாள் நூற்க வேண்டாம். வலது கையால் கைப்பிடியை மட்டும் சுற்றிப் பழகுங்கள். மெதுவாக, சீராக, நினைத்த இடத்தில் நிறுத்தும்படி. பின்னோக்கிக் கால் சுற்று, அரைச் சுற்று போய் நிற்கும்படி. பேசிக்கொண்டே சுற்றினாலும் வேகம் மாறாத அளவுக்குப் பழக வேண்டும். இரண்டு கைகளுக்கும் ஒரே நேரத்தில் பாடம் எடுத்தால் இரண்டும் கற்காது.

இடது கைக்குத் தனிப் பயிற்சி. பட்டையின் நுனியிலிருந்து சில இழைகளை இழுத்து, வலது கை விரல்களால் உருட்டி முறுக்கிக்கொண்டே இடது கையைப் பின்னால் கொண்டுபோங்கள். ராட்டை இல்லாமலேயே ஒரு முழம் நூல் இப்படி எடுக்கலாம். மேலே சொன்ன அந்த நடுநிலை, அதாவது அறாமலும் இறுகாமலும் நீளும் இடம், விரலுக்குப் புரிவது இங்கேதான். தக்கிளி (கையால் சுழற்றி நூற்கும் சிறு கருவி) கிடைத்தால் அதில் நாலு நாள் பழகிவிட்டு ராட்டைக்கு வருவது இன்னும் நல்லது.

பட்டையைப் பிடிக்கும் விதம்: இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனிகளுக்கு நடுவே, உயிருள்ள ஒன்றைப் பிடிப்பதுபோல லேசாக. மற்ற இரண்டு விரல்கள் பட்டையின் வாலை உள்ளங்கையோடு அணைத்துக்கொள்ளும். பட்டை நசுங்கும்படி பிடித்தால் இழை வராது, நீங்கள் இன்னும் பலமாக இழுப்பீர்கள், அறும். புதியவர்களிடம் அறும் நூல்களில் பெரும்பங்கு இந்தப் பிடியால்தான் அறுகிறது.

இனி நூற்பு. ஏற்கெனவே உள்ள பருத்தி நூலில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமாக எடுத்து, கதிரின் வட்டுக்கு (கதிரில் கோத்த வட்டத் தகட்டுக்கு) பக்கத்தில் கட்டி, நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். அங்கிருந்து இடைவெளி விட்டுச் சுருளாக முனைவரை கொண்டுவாருங்கள். இது முன்நூல். அதன் மறுமுனையை இரண்டு அங்குலம் பிரித்து மெலிதாக்கி, பட்டையின் நுனியிலிருந்து விரித்த இழைகள் மேல் படியவைத்து, விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுங்கள். முறுக்கு ஓடிவந்து இழைகளைப் பற்றிக்கொள்ளும்.

கோணம்தான் ராட்டையின் ரகசியம் முழுவதும். நூலைக் கதிரின் நீளப்போக்கை ஒட்டி, முனைக்கு முன்னால் சாய்வாகப் பிடித்தால், கதிர் சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் முனையிலிருந்து ஒருமுறை நழுவும். ஒவ்வொரு நழுவலும் ஒரு முறுக்கு. நூலைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்தால் நழுவாது, கதிரில் சுற்றிக்கொள்ளும். நூற்கும்போது நூல் தானாகக் கதிரில் ஏறிக்கொள்கிறது என்று புகார் சொல்பவர்கள் எல்லோரும் கையை அதிகமாகப் பக்கவாட்டில் கொண்டுபோனவர்கள். முனையில் டிக், டிக் என்று மெல்லிய தட்டல் விரலுக்குத் தெரிந்தால் கோணம் சரி.

ஒரு இழுப்பின் போக்கு இப்படி இருக்கும். கைப்பிடியைச் சுற்றத் தொடங்கி அரைச் சுற்று ஆனதும் இடது கை பின்னோக்கி நகரத் தொடங்க வேண்டும். முறுக்கு இல்லாத பஞ்சை இழுக்காதீர்கள், முறுக்கு வந்து சேர்ந்த பிறகு இழுங்கள். கை ஒரே வேகத்தில் 60 சென்டிமீட்டர் வரை போகட்டும். வழியில் தடித்த இடம் தெரிந்தால், பட்டையை அந்த நேரத்துக்கு இறுகப் பிடித்து, புதிய பஞ்சு வரவிடாமல், இன்னும் கொஞ்சம் இழுங்கள். தடித்த இடம் நீண்டு மெலியும். கை போக வேண்டிய தூரம் போனதும் பட்டையின் வாயை அடைத்தாற்போல் பிடித்துக்கொண்டு, இழுக்காமல், இன்னும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். இது இறுதி முறுக்கு. இதை விட்டுவிட்டால் நூல் பார்க்க அழகாக இருக்கும், கதிரில் சுற்றும்போதோ பிறகு சிட்டமாக, அதாவது வளையக் கட்டாகச் சுற்றும்போதோ அறுந்துவிடும்.

இப்போது கைப்பிடியைப் பின்னோக்கிச் சிறிது திருப்புங்கள். முனையில் சுருளாக நின்ற நூல் அவிழ்ந்து வரும். உடனே கையைச் செங்குத்துக் கோணத்துக்குக் கொண்டுவந்து, முன்னோக்கிச் சுற்றி, நூற்ற நூலைக் கதிரின் வட்டுப் பக்கம் ஏற்றுங்கள். கடைசி ஒரு சாண் மிச்சமிருக்கும்போது மறுபடி சுருளாக முனைக்கு வந்து அடுத்த இழுப்பைத் தொடங்கலாம். பின்னோக்கித் திருப்பும்போது நூல் தளர்ந்து சுருண்டுகொள்கிறதென்றால் அதிகம் திருப்புகிறீர்கள்; இடது கையும் அந்த நொடியில் நூலை மிக லேசாகத் தாங்கியிருக்க வேண்டும்.

கண்டு, அதாவது கதிரில் சேரும் நூல் உருண்டை, கூம்பு வடிவில் வளர வேண்டும், வட்டுப் பக்கம் பருத்து முனைப் பக்கம் மெலிந்து. முனையிலிருந்து இரண்டு விரல் அகலம் எப்போதும் காலியாக இருக்கட்டும். ஒரே இடத்தில் அடுக்காமல், மேலும் கீழுமாகக் குறுக்கே ஓடும்படி சுற்றினால் பிறகு பிரிக்கும்போது சரிந்து சிக்காது. கண்டின் பருமன் ஒரு அங்குலம் தாண்டினால் கதிர் கனத்து ஆடத் தொடங்கும். அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

அறுந்த முனையைப் படிப்பது

நூல் அறுந்ததும் அவசரமாக ஒட்டிவிடாதீர்கள். முனையைப் பாருங்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

முனை மெலிந்து மெலிந்து வால் போல நீண்டிருந்தால் இழைகள் வழுக்கிப் பிரிந்திருக்கின்றன. முறுக்கு போதவில்லை, அல்லது இழுப்பு முந்திவிட்டது. இடது கையை மெதுவாக்குங்கள், வலது கையை வேகப்படுத்த வேண்டாம். தொடக்கத்தில் இரண்டையும் கூட்டினால் எதுவும் பிடிபடாது.

முனை வெட்டினாற்போல் நின்று, சுருண்டு முறுக்கிக்கொண்டால் முறுக்கு மிகுந்துவிட்டது. பெரும்பாலும் இது பட்டைக்கு அருகில் நடக்கும்: கை நின்றுவிட்டது, சக்கரம் நிற்கவில்லை. முறுக்கு பட்டையின் வாய்க்குள்ளேயே ஏறி அதைக் கயிறாக்கிவிடும். அந்தக் கயிற்றை இழுத்துப் போராடுவதில் பயனில்லை. கிள்ளி எறிந்துவிட்டுப் புதிய இடத்திலிருந்து தொடங்குங்கள்.

எப்போதும் கதிர் முனைக்கு மிக அருகிலேயே அறுகிறதென்றால் கதிரைச் சந்தேகியுங்கள்: முனையில் சொரசொரப்பு, அல்லது ஆட்டம். முன்நூலின் சுருள் முனைவரை சரியாக ஏறாமல் பாதியில் நின்றாலும் இப்படி நடக்கும்.

ஒட்டிய இடத்திலேயே மறுபடி மறுபடி அறுந்தால், ஒட்டும்போது இழைகளைப் போதிய நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கவில்லை. இழை நீளத்துக்குக் குறையாமல், அதாவது ஓரங்குலத்துக்கு மேல் படிய வேண்டும். மொட்டையான முனையில் பஞ்சு ஒட்டாது, அதைப் பிரித்து மெலிதாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். முடிச்சு போடுவது நூற்பில் வழக்கமில்லை, நெசவில், தறியில் நூல் நுழைந்து போகும் விழுதுக் கம்பியில் அது மாட்டிக்கொள்ளும்.

நூல் முழுதும் சிறு சிறு மணிகளாக இருந்தால் உங்கள் கை காரணமில்லை. பஞ்சு முதிராத காயிலிருந்து வந்தது, அல்லது அடிக்கும்போது அதிகம் அடிபட்டது. வேறு பட்டை வாங்குங்கள். ஒரு சாணுக்கு ஒரு தடிப்பு என்று தாளம் தப்பாமல் வந்தால் மட்டும் கை காரணம்: பட்டையைத் தொடர்ந்து விடாமல் விட்டு விட்டு விடுகிறீர்கள்.

எவ்வளவு முறுக்கு, எத்தனையாம் நம்பர்

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் நெய்யக் கொடுக்கப் போகும் நூலென்றால் தவிர்க்க முடியாது. பருத்தி நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை வரும் என்பது. நம்பர் கூடினால் நூல் மெலிது. வீட்டில் கண்டுபிடிக்கக் குறுக்குவழி: 100 மீட்டர் நூலை எடைபோட்டு, கிராமில் வரும் எண்ணால் 59-ஐ வகுங்கள். 100 மீட்டர் 5.9 கிராம் இருந்தால் 10-ஆம் நம்பர். ஏறத்தாழ 3 கிராம் இருந்தால் 20-ஆம் நம்பர். தராசு பத்தில் ஒரு கிராமாவது காட்ட வேண்டும்.

முதல் மாதம் 8-லிருந்து 12-க்குள் வந்தால் நல்லது. தொடக்கத்திலேயே மெல்லியதாக நூற்க ஆசைப்படுபவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீரான 10-ஆம் நம்பர் நூல் நெசவுக்குப் பயன்படும், மேடுபள்ளமான 30-ஆம் நம்பர் நூல் எதற்கும் ஆகாது.

முறுக்குக்கு: நம்பரின் வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்கினால் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பது கிடைக்கும். 10-ஆம் நம்பருக்கு ஏறக்குறைய 13, 20-ஆம் நம்பருக்கு 18. பாவுக்கு (தறியின் நீளவாட்டு நூலுக்கு) இதைவிடக் கொஞ்சம் கூட்டலாம். ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) 4-க்குப் பதில் மூன்றேகாலால் பெருக்கினாலும் போதும்.

இதைக் கைப்பிடிச் சுற்றாக மாற்ற உங்கள் ராட்டையின் விகிதம் தெரிய வேண்டும். கதிரில் ஒரு நூலைக் கட்டி, செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை ஒரே ஒரு சுற்று மிக மெதுவாகச் சுற்றுங்கள். கதிரில் ஏறிய சுற்றுகளை எண்ணினால் அதுதான் விகிதம். 80 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 24 அங்குல இழுப்புக்கு 10-ஆம் நம்பரில் 24 × 13 = 312 முறுக்கு, அதாவது நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. 20-ஆம் நம்பரில் 432 முறுக்கு, அதாவது ஐந்தரைச் சுற்று. இதில் பாதி இழுக்கும்போது, மீதி இறுதி முறுக்கில். கயிறு வழுக்கினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பதால்தான் முன்பே மெழுகு தேய்க்கச் சொன்னது. சில நாள் சுற்றை எண்ணிக்கொண்டே நூற்றால் பிறகு எண்ணாமலேயே கை அங்கே நிற்கும்.

வேகத்தைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். நன்கு பழகிய கை இந்த ராட்டையில் மணிக்கு 300-லிருந்து 400 கஜம் வரை நூற்கும். கைராட்டைகளின் வேகம் போதவில்லை என்றுதான் 1929-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. பல கதிர்களோடு பின்னாளில் வந்த அம்பர் சர்க்கா, அதை உருவாக்கிய தமிழ்நாட்டு ஏகாம்பரநாதனின் பெயரைத் தாங்கியது. அதில் பஞ்சை நீட்டுவதை உருளைகள் செய்யும், எனவே அதில் பழகியவருக்கு இந்த இழுப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நூற்ற பிறகு

கண்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு மீட்டர் சுற்றளவு வரும்படி நான்கு முளை அடித்த சட்டம் ஒன்றைச் செய்துகொண்டால், 100 சுற்று என்பது 100 மீட்டர். எண்ணுவதும் எடைபோடுவதும் ஒரே வேலையாகிவிடும். கதர்ப் பழங்கணக்கில் நாலடிச் சுற்றாக 640 சுற்றுச் சேர்ந்தது ஒரு சிட்டம். கண்டிலிருந்து நூலை இழுக்கும்போது கதிரின் முனைப் பக்கமாக இழுக்காதீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு மாறும். கதிரைப் படுக்கவைத்து, அது உருண்டு நூலைக் கொடுக்கும்படி செய்யுங்கள்.

சிட்டத்தை நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளரக் கட்டி, சட்டத்திலிருந்து எடுத்ததும் அது முறுக்கிக்கொண்டு சுருளும். பதற வேண்டாம், புது நூலில் முறுக்கின் விசை அப்படியே இருக்கிறது என்பதுதான் பொருள். கொஞ்சம் சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் கரைத்த தண்ணீரில் மூழ்கவைத்து அரை மணி நேரம் மிதமாகக் கொதிக்கவிடுங்கள். பச்சைப் பருத்தியில் இயற்கையான மெழுகு இருப்பதால் முதலில் மிதக்கும்; கரண்டியால் அமுக்கிவிட்டால் மெல்ல நனைந்து மூழ்கும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறுவது அந்த மெழுகும் அழுக்கும் வெளியேறுவதால்தான். ஆறவிட்டு, அலசி, பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். சிட்டம் நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் அடியில் ஒரு சிறு பாரம் கட்டலாம், அதிக பாரம் நூலின் உயிரை எடுத்துவிடும்.

முதலில் வரும் சிட்டங்களை ஊடைக்கு ஒதுக்குங்கள். தறியில் பாவு நூல் ஒவ்வொரு மிதிக்கும் உரசலையும் இழுப்பையும் தாங்க வேண்டும். அதற்கு முறுக்கும் வேண்டும், கஞ்சியும் வேண்டும். ஒரு முழம் நூலை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பத்து இடத்தில் இழுத்து ஒன்றிரண்டு மட்டும் அறுந்தால் பாவுக்குக் கொடுக்கலாம். நாலுக்கு மேல் அறுந்தால் ஊடைக்கே கொடுங்கள், அல்லது இரண்டு நூலைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் முறுக்கிப் புரியாக்கிக்கொள்ளுங்கள்.